நாரைக்குக் கண்ணீர் அஞ்சலி

மார்ச் 4, திங்கள்

ஒரு போப்பாண்டவர் இறந்து, அடுத்தவர் வந்து, வந்தவரும் ஒரு மாதம் சொச்சத்தில் இறந்து, மூன்றாமவர் வந்தாரே, அந்த வருடம். ரோமில் ஒரு பெரிய தலைவரைச் சுட்டுக் கொன்று காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டுப் போன வருடம். அர்ஜென்டினா சொந்த ஊரிலேயே உலகக் கோப்பையைத் தூக்கிய வருடம். அந்த வருடம்தான் எங்கள் வல்மோர்த்தா கால்பந்து அணி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. செங்கல் சூளையும் சர்க்கரை ஆலையும் விலாங்கு மீனும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். நான் இடது பின்காப்பு. முப்பத்திரண்டு வயது.

இதை எழுதச் சொன்னது டாக்டர். மறதி வருமாம், தினமும் எழுதினால் தள்ளிப்போகுமாம். மூன்றாம் வகுப்போடு சூளைக்குப் போனவனிடம் சொல்கிற வைத்தியம். எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் காபி ஆறிவிடுகிறது. எனக்கு மறதியா? அந்த அணியின் பதினொரு பேரையும் சட்டை எண்ணோடு சொன்னேன். யார் யார் எந்தக் காலால் உதைப்பான் என்பதையும் சொன்னேன். "போதும் போதும்" என்றார்.

பதினொன்றில் இப்போது மிச்சம் நானும் தல்மாசியோவும். கடவுளுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

மார்ச் 6

பாருக்கு வெரோனாவிலிருந்து ஒரு வக்கீல் வந்தான். மணம் வீசும் கழுத்து. வல்மோர்த்தாவையும் கால்வாய்க்கு அந்தப்பக்கத்துப் பொந்தவெந்தோவையும் ஒரே கிளப்பாக்கப் போகிறார்களாம். ஆட்டம் பொந்தவெந்தோ மைதானத்தில். பெயரும் நாரைச் சின்னமும் மட்டும் நம்முடையது. "நாரைக்குத்தான் பேர் இருக்கு பெரியவரே, அவங்களுக்கு வெறும் பணம்தான் இருக்கு" என்றான். அதைப் புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு சொன்னான்.

கிளப் திவாலானபோது முதலாளி பொன்ஃபாந்தே செய்த ஒரே நல்ல காரியம் அது. பெயரையும் சின்னத்தையும் யார் கையும் படாமல் 78ஆம் வருடத்து அணிக்காரர்கள் பெயரில் எழுதிவைத்தார். உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் சம்மதித்தால்தான் வெளியூருக்குப் போகும்.

"தல்மாசியோ சம்மதிச்சுட்டார். நீங்கதான் பாக்கி."

சம்மதிக்காமல் என்ன செய்வான்? 84இல் கால்வாயைத் தாண்டிப் போய் பொந்தவெந்தோ சட்டையை மாட்டினவன்தானே. மாட்டிக்கொண்டு கடைசி ஆட்டத்தில் நம் வலையிலேயே அடித்து நம்மைக் கீழே தள்ளினவன்தானே. அடித்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி நம் ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டான். அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அடிப்பவன் அடித்துத் தொலைக்கட்டும். மன்னிப்பு எதற்கு?

அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பார்க்காரி நிவெஸ் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "தல்மாசியோ உன்னைப் பார்க்கணுமாம், ஒரெஸ்தே. உடம்பு முடியலையாம்."

"எனக்கும்தான் முடியல."

"உனக்கு என்ன?"

"அவனை நினைச்சாலே குமட்டுது."

"பேர் செத்துச் சுவத்துல தொங்கறதைவிட எங்கயாவது ஓடட்டும்னு சொன்னாராம். அதைத்தான் உன்கிட்ட சொல்லணுமாம்."

"ஓடறதைப் பத்தி அவன் சொல்றானா? ஓடினவனாச்சே."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நிவெஸ் சிரிக்கவில்லை. "உங்க ரெண்டு பேரையும் ஒரே சாக்குல கட்டிக் கால்வாயில போடணும்" என்றாள்.

மார்ச் 31

ஈஸ்டர். ஆட்டுக்கறி தீய்ந்துவிட்டது. தனியாகத் தின்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நாலு பூஜ்யம். நம் மைதானத்தில். முன்பு தூரினிலிருந்து வந்த பெரிய கிளப்பைச் சமனில் நிறுத்திய அதே மைதானம். அன்று ஆலைச் சுவர்மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் ஊர்ப் பாதிரியார் உட்பட. இன்று கோலுக்குப் பின்னால் ஒருத்தி நாயை நடத்திக்கொண்டு போகிறாள், நடுவர் சொல்லியும் நகரவில்லை.

கடைசிக்கும் கடைசி டிவிஷனுக்கு விழுந்தாயிற்று. அடுத்த வருடம் ஆட ஆளில்லை என்று செயலாளர் சொல்கிறான். இனி வல்மோர்த்தா என்றால் அந்தப் பெயரும் சின்னமும் மட்டும்தான். அதுவும் என் கையில் இருக்கும்வரை.

ஏப்ரல் 22

தெரியும், செய்வான்கள் என்று தெரியும். விடிவதற்குள் பொந்தவெந்தோப் பொடியன்கள் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்கள். நிஜச் சாவு நோட்டீஸ் மாதிரியே. கறுப்புக் கரை, நடுவில் சிலுவைக்குப் பதிலாக நம் நாரை. நிவெஸ் படித்துக் காட்டினாள்: 'நீண்ட அவஸ்தைக்குப் பின் வல்மோர்த்தா கிளப் காலமானது. ஆடத் தெரியாததால் இறந்தது. மலர்வளையம் வேண்டாம், ஒரு கோல்கீப்பரை அனுப்பவும்.'

இது இந்தப் பக்கத்து வழக்கம். யார் கீழே விழுகிறானோ அவனுக்கு அடுத்த ஊர்க்காரன் சாவு எடுப்பான். அவன்கள் 79இல் விழுந்தபோது நாங்கள் சவப்பெட்டியோடு பாலம் தாண்டினோம். பாதிரியார் அங்கி போட்டது நான். பெட்டிக்குள் படுத்திருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவன் தல்மாசியோ. அப்போது சிரித்தோம். இப்போது அவன்கள் முறை. இருந்தாலும் என் சுவரில் ஒட்டினால் நான் சும்மா இருப்பேனா?

சைக்கிளில் வாளித் தண்ணீரும் சுண்ணாம்பு சுரண்டுகிற தகடும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மதியத்துக்குள் கடைத்தெரு சுத்தம்.

ஏப்ரல் 23

மறுபடியும் ஒட்டியிருக்கிறான்கள். மறுபடியும் சுரண்டினேன். மருந்துக்கடைக்காரி, "விடுங்களேன், மழை வந்தா தானா விழும்" என்றாள். உன் வீட்டுப் பிணத்தை மழைக்கு விடுவாயா என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோள் வலி.

ஏப்ரல் 25, வியாழன்

விடுதலை நாள். கடையெல்லாம் மூடியிருக்கிறது. ஊர் தூங்குகிற நேரத்தில் கிளம்பினேன், நல்லதாய்ப் போயிற்று. இந்த முறை புதுசாக அச்சடித்திருக்கிறான்கள், தாள் கெட்டி, எழுத்துப் பெரிது, ஆனால் அதே கறுப்புக் கரை, அதே நாரை. கோவில் பலகையில்கூட ஒட்டியிருந்தான்கள். என்ன திமிர்! நின்று எழுத்துக் கூட்டவா முடியும்? நாரையைக் கண்டேன், கிழித்தேன். ஆலைவாசல், பள்ளிக்கூடம், மருந்துக்கடை, பாலத்தடி, கடைசியாகக் கோவில். பசை ஈரம் காயவில்லை, தோல் உரிகிற மாதிரி வந்தது. ஒன்று விடவில்லை.

நிம்மதியாகத் தூங்குவேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

எப்படி எழுதுவது.

காலையில் கோவில் மணி. சாவு மணி. வாளியோடு பாருக்குப் போனேன். யாருக்கு என்று கேட்டேன். நிவெஸ் முகம் சரியில்லை.

"தல்மாசியோ. புதன்கிழமையே போயிட்டார். எனக்கே இப்பத்தான் தெரியும். பெட்டி தூக்க ஆள் போதலன்னு அடக்கக் கடைக்காரன் வந்து என் வீட்டுக்காரனைக் கூட்டிட்டுப் போறான். நேத்து விடியறதுக்கு முன்னாடியே ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினேங்கிறான். சிலுவை வேண்டாம், நாரையைப் போடுன்னு தல்மாசியோவே சொல்லிட்டுப் போனாராம். நான் ஒண்ணுகூடப் பாக்கலையே ஒரெஸ்தே. நீ பாத்தியா?"

நான் பார்த்தேன். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன்.

கோவிலுக்குப் போனேன், உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறந்த கதவு வழியே பார்த்தால், நாலு பெஞ்சுகூட நிரம்பவில்லை. வல்மோர்த்தாவின் கேப்டனுக்கு! 78இல் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலம் வரை போன ஊர், நோட்டீஸ் இல்லாததால் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறது.

பூசை முடிந்து வெளியே வந்த லொரெதானா என்னைப் பார்த்தாள். அவன் மகள். சின்ன வயதில் ஆட்டம் முடிந்ததும் என் கழுத்தில்தான் ஏறி உட்காருவாள். நேரே தெருவைத் தாண்டி வந்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஊறிப்போன காகிதம்.

"எங்கப்பா இதுல இருக்காரா, சித்தப்பா?"

வாளியைச் சைக்கிளுக்குப் பின்னால் தள்ளினேன்.

"நாப்பது வருஷம் பேசாம இருந்தது போதலையா? அடுத்தவங்க அழறதையும் நிறுத்தணுமா?"

"பொந்தவெந்தோக்காரன்க ஒட்டினதுன்னு—"

"படிக்கத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசம். தெரியாது என்றேன். அது பொய்.

ஏப்ரல் 28

பாரில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. சீட்டு நாலு பேருக்குப் போட்டார்கள். நான் ஐந்தாவது.

மே 7

வக்கீல் போன் செய்தான். குரலில் ஒரே பாகு. "இனி நீங்க ஒருத்தர்தான் பெரியவரே. ஜூன் மூணாம் தேதி நோட்டரி முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா போதும். இறந்தவரோட விருப்பமும் அதுதானே."

என்னைவிட அவனுக்குத்தான் தல்மாசியோவின் விருப்பம் அதிகம் தெரிகிறது.

ஊரில் பாதிப் பேர், போய்த் தொலையட்டும் கொடுத்துவிடு என்கிறார்கள். மற்ற பாதி என்னோடு பேசுவதே இல்லை. ஒருவேளை அவன் சொன்னதுதான் சரியோ? சே.

மே 22

லொரெதானா வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை. மேஜைமேல் ஒரு கட்டுத் தாளை வைத்தாள். முப்பதாம் நாள் பூசைக்கான நோட்டீஸ்.

"நீங்கதான் கிழிச்சீங்க. நீங்களே ஒட்டுங்க. ஒவ்வொண்ணையும் ஒட்டறதுக்கு முன்னாடி முழுசாப் படிக்கணும். சத்தமா."

"எல்லாம் ஒண்ணுதானே?"

"எங்க அப்பாவும் ஒருத்தர்தான் சித்தப்பா."

கதவை அறைந்துவிட்டுப் போனாள். அவள் அம்மாவுக்கும் இதே குணம்.

மே 23

ஒட்டினேன். ஆலைவாசலில் ஆரம்பித்தேன், ஏனென்றால் அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். தல்மாசியோ பெல்தராமே. வல்மோர்த்தாவின் கேப்டன். பொந்தவெந்தோ என்று எங்கேயும் இல்லை, இரண்டு முறை தேடினேன். கீழே சின்ன எழுத்தில், துயரத்தோடு நினைவுகூர்பவர்கள்: மகள் லொரெதானா, மருமகன், பேத்திகள், உடன் ஆடியவன் ஒரெஸ்தே.

என் பெயர்.

லொரெதானாவைத் தேடிப் போய்க் கேட்டேன், யாரைக் கேட்டு என் பேரைப் போட்டாய் என்று.

"நானா போட்டேன்? அப்பா சொல்லிட்டுப் போனது. ஏப்ரல்ல ஒட்டினதுலயும் இருந்துச்சு. கிழிக்கறப்ப பார்க்கலையா?"

கேட்காமல் கொள்ளாமல் செய்வதே அவனுக்கு வழக்கம். பந்தைக் கொடுக்கும்போதும் அப்படித்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளிவிடுவான். நான் அங்கே இருப்பேன் என்று அவனுக்கு என்ன அவ்வளவு நிச்சயம்?

மிச்சத்தை ஒட்டினேன். எல்லாவற்றையும் படித்தேன். மருந்துக்கடை முன்னால் படித்தபோது அந்த அம்மாள் வெளியே வந்து நின்று கேட்டாள். பாலத்தடியில் ஒட்டும்போது அந்தப்பக்கத்துப் பொடியன்கள் நாலைந்து பேர் கைப்பிடியில் சாய்ந்து, "யார் செத்தது தாத்தா, மறுபடி கிளப்பா?" என்று கத்தினான்கள். தகட்டைக் காட்டினேன். அடங்கினான்கள்.

மே 24

பூசை. கோவில் நிறைந்தது. நான் உள்ளே நின்றேன், கடைசியில். லொரெதானா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அது போதும்.

ஜூன் 3, திங்கள்

நோட்டரி அலுவலகம். தோல் நாற்காலி, முதுகு ஒட்டிக்கொண்டது. வக்கீல் எனக்கும் சேர்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். லொரெதானா சன்னலோரம் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்கள் தோழர் சம்மதித்திருந்தாரா?" என்று நோட்டரி கேட்டார்.

"சம்மதிச்சான்."

"நீங்கள்?"

"இல்ல."

வக்கீல் எழுந்தான். "அவரோட கடைசி ஆசை பெரியவரே! போன மாசம் நோட்டீஸ் ஒட்டினீங்களே, ஊரே பேசுது. கொடுக்கலைன்னா கிளப் செத்துது!"

"அவன் ஆசைப்பட்டதை அவன் சொல்லிட்டான். நான் எனக்கு வேண்டியதைச் சொல்றேன். நாப்பது வருஷமா இப்படித்தான். அவன் செத்ததும் நான் ஆமாஞ்சாமி போட்டா அவனே சிரிப்பான். செத்தா இங்கேயே சாகட்டும், எங்க சுவத்துல."

லொரெதானாவைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இதைத்தான் சொல்வீங்கன்னு அப்பா பந்தயம் கட்டினாரு" என்றாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதிவுக்காக நோட்டரி பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார், இருப்பவரா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். கோல்கீப்பர் மெனெகின், இல்லை, நுரையீரல், சூளைப் புகை. வலது பின்காப்பு தொனினி, இல்லை, டிராக்டர் கவிழ்ந்து. ஜெனோவாவிலிருந்து வந்த பொஸ்கோலோ, இல்லை, எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. எழுதுவதற்குக் கை வலிக்கிறது. எல்லாம் இல்லை, இல்லை. ஒன்பதாம் எண், தல்மாசியோ பெல்தராமே. இல்லை, ஏப்ரலில், வீட்டில், படுக்கையில்.

கடைசியாக மூன்றாம் எண் என்றார், கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

ஒரெஸ்தே விசென்தின், இருக்கிறான்.