மாமியின் முகம், முதல் கமெராவில்

ஜூலை 20

பனிச்சங்கேணியில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் வீடியோ வேலை. கரண்ட் வந்து வந்து போனதில் சுவிச்சரில் பதிந்து வைத்திருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. எந்தக் கமெராவின் படம் நேரலையில் போகவேண்டும் என்று மாற்றுகிற கருவி அது. என் மனுசன் ரதீஸின் சித்தப்பா மகன் லக்ஷன் ஒற்றைக் கமெராவோடு ஒருவாறு சமாளித்தான். ஏச்சு முழுக்க எனக்கு. அதைச் சரிசெய்யத் தெரிந்த ரதீஸ் வேலைக்குப் போய் ருமேனியாவில்.

ஜூலை 23

சுவிச்சரை வைக்க, நோயில் கிடக்கும் மாமியின், ரதீஸின் அம்மாவின், கட்டிலோடு ஒட்டிய மேசையில்தான் இடம் கிடைத்தது. ரிவியை மொனிற்றராக வைத்துக் கீபோட்டைச் செருகினேன். எதை அழுத்தினாலும் அசைவில்லை. ரதீஸ் போனில் சிரித்தார்.

"கீபோட்ட முதல்ல கொழுவு. மறுகாதான் ஓன் பண்ணணும்."

வந்தது! கமெராக்களுக்கு ஒவ்வொன்றாக இலக்கம் கொடுத்துப் பதிந்தேன். சரிபார்க்க ஒன்றை மாமியின் பக்கம் திருப்பினேன். அவர் ரிவியையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"இவ்வளவு மெலிஞ்சிட்டனா புள்ள?"

உடனே வேறு கமெராவுக்கு மாற்றிவிட்டேன்.

ஜூலை 31

மாமிக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. "ரதீஸ் எப்ப வாறான்?" வருவார் மாமி என்றேன். பொய்.

ஆகஸ்ட் 12

விடியுமுன் மாமி போய்விட்டார்.

ஆகஸ்ட் 13

ரதீஸ் போனில்: "வந்தா திரும்ப இந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. லைவ் போடு தனுஷா. அம்மாட முகத்தப் பாக்கணும்."

அவருக்குப் பதிலாக லக்ஷன்தான் கொள்ளி வைக்கவேண்டும். அப்படியென்றால் சுவிச்சரில் யார் இருப்பது? நான்தான். கமெராக்களை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பந்தலின் மூலையில் ரிவியின் முன் உட்கார்ந்தேன். மாமியின் முகம் முதல் கமெராவில். பெண்கள் தலைமாட்டில் விழுந்து அழுதார்கள். காதுக்குள் ரதீஸ்: "கிட்டக் காட்டு... இன்னும் கிட்ட."

கண் கலங்கினால் படம் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிரேதம் வாசல் படலையைத் தாண்டியதும் ரதீஸ் போனைக் கட் பண்ணிவிட்டார்.

ஆகஸ்ட் 15

குசினிக்குள் மச்சாள், ரதீஸின் அக்கா, யாரிடமோ: "பெத்த மகள் மாதிரி வச்சிருந்தா எங்கட அம்மா. இவள் ரிவி பாத்துக்கிட்டு இருக்காள்! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லகா."

நான் அழுதா அங்க அவருக்கு ஆர் காட்டுற? மனதுக்குள் கேட்டபடி தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29

ரதீஸ் போன் எடுப்பது குறைந்துவிட்டது. எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறார்.

செப்டம்பர் 11

முப்பத்தோராம் நாள் சடங்கு. எல்லாரும் போனபிறகும் மச்சாள் போகவில்லை.

"தம்பி அங்க வேலைக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சைன் வச்சிட்டானாம். உனக்குச் சொன்னவனா?"

இல்லை. எனக்குச் சொல்லவில்லை.

மச்சாள் ரிவியின் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு எடுத்தத ஒருக்காப் போடு புள்ள. நான் அழுத அழுகையில அம்மாட முகத்தையே பாக்கல்ல."

போட்டேன். மாமியின் வெறுங்கட்டிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். மாமியின் முகம் கிட்ட வந்தது, இன்னும் கிட்ட. என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.

மச்சாள் என்னையே பார்த்தார். "நிப்பாட்டுவமா?"

வேண்டாமென்று தலையை ஆட்டினேன். படம் முடியுமட்டும் அழுதேன்.