மறிப்பவரின் அப்பாவுக்கு

அன்புள்ள மாமா,

முப்பத்தோராம் நாள் பந்தியில் கொடுக்கப்போகும் உங்கள் நினைவு மலரில் எல்லோரும் உங்கள் பெருமையை எழுதியிருக்கிறார்கள். என்னால் அது முடியவில்லை. எனக்கு உங்களிடம் ஒரு உதவி வேண்டும். உங்கள் மகனை நிறுத்துங்கள்.

மேற்கே ஒரு ஃபுட்போல் அணியில் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டதாம். பதிலுக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, திங்கள் அவருக்கு விமானம். முப்பத்துநான்கு வயதில் இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று கேட்கிறார். யாரும் கூப்பிடக்கூடாது என்றுதான் நான் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தேன்.

உங்களுக்குத் தெரியாத பிழைப்பா இது? இந்த நாட்டு ஃபுட்போலில், கையால் பந்தை எறிபவனுக்கு முன்னால் நின்று, பாய்ந்து வரும் தடியர்களை நெஞ்சாலும் தலையாலும் மறிக்கவேண்டும். பந்து ஒருநாளும் கைக்கு வராது. வின்னிபெக், ரெஜைனா, எட்மண்டன் என்று ஊர் ஊராக, ஒருவன் காயப்பட்டால் அழைப்பு. அவன் எழும்பினால் இவர் வீட்டுக்கு. நீங்கள் ஸ்காபரோக் கடைகளில் "மகன் லீவிலை வந்து நிக்கிறான்" என்று சமாளிப்பீர்கள். ரொறன்ரோவில் ஆட்டம் என்றால், ஒலிபெருக்கியில் அவருடைய சட்டை இலக்கம் கேட்டதும் எழும்பிக் கைதட்டுவீர்கள். மறிப்பவர் பிழை விட்டால்தான் இலக்கத்தைச் சொல்வார்கள் என்று நான் காதுக்குள் சொன்ன பிறகும் தட்டினீர்கள். எனக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது.

கடைசி ஆட்டத்தில் நீங்கள் தட்டவில்லை. மோதி விழுந்து எழும்பியவர் திசை தெரியாமல் எதிரணிக்காரர் இருந்த பக்கம் நடந்துபோனதை நாங்கள் இருவரும் பார்த்தோம். அன்றைக்கு அவரை வீட்டுக்கு ஏற்றிவரும்போது மெதுவாகச் சொன்னீர்கள்: "இனிக் காணும், தம்பி. விளையாட்டை விடு."

"ஓம் அப்பா" என்றார். அதைக் கேட்டவர்களில் மிச்சம் இப்போது நான் மட்டும். என் பேச்சு எடுபடவில்லை.

போன கிழமை வெக்ஸ்போர்ட்டில் மகளின் வயலின் வகுப்பு முடிந்து விட்பியில் எங்கள் வீட்டுக்கு வரவேண்டியவர், மோர்னிங்சைட்டில் நாங்கள் முன்பு இருந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். "அது எங்கட வீடு இல்லையெண்டு நான் சொல்லச் சொல்ல, அப்பா கதவுப் பூட்டிலை திறப்பைப் போட்டுக்கொண்டே நிண்டவர்" என்றாள் மகள். உள்ளே இருந்தவர்கள் பயந்துபோய்ச் சத்தம் போட்டார்களாம். கேட்டால், செத்தவீட்டு அலைச்சல், நித்திரை இல்லை என்கிறார். டொக்டரிடம் வரமாட்டாராம். போனால் விளையாட விடமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. இன்னும் எத்தனை இடி அந்தத் தலை தாங்கும்?

இந்த மலருக்கு அச்சுப்பிழை பார்ப்பவர் உங்கள் மகன்தான். எட்டு வயதில் இங்கே வந்தவர். தமிழை எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பார், ஒன்றையும் தவறவிடமாட்டார். அதனால்தான் வீட்டில் சொல்லி முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம். பந்தியில் இருந்து யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், அவர் எடுக்காமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். தயவுசெய்து அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எடுத்துவிட்டாலும் விடமாட்டேன், மாமா. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் எழும்பி நின்று வாயாலேயே சொல்வேன். சனம் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அவருடைய நினைவு மலருக்கும் இப்படி ஒரு கடிதம் எழுத என்னால் முடியாது.

உங்கள் மருமகள்,
சுதா