பாய் கடையின் இஞ்சி பிஸ்கட்

பாய்,

இன்று நம் ரிங்லெட் மலையில் நல்ல மழை. பேருந்துக்கு நின்றவள் உங்கள் கடை முகப்பில் ஒதுங்கினேன். இப்போது அங்கே கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். கண்ணாடி அலமாரி, வெள்ளை விளக்கு, சுவரெல்லாம் புதுச் சாயம். ஆனால் ஈரம் ஏறியதும் அந்தக் கதவுப் பலகையிலிருந்து மல்லித்தூளும் சவர்க்காரமும் கருவாடும் கலந்த வாசனை கிளம்பியது. உள்ளே இருந்த பெண் "என்னாக்கா வேணும்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மழை விடுவதற்குள்ளேயே இறங்கி நடந்துவிட்டேன்.

அந்த வாசனைக்கு நடுவில்தான் என் பிஸ்கட்டுகளை முதன்முதலில் வைத்தீர்கள். என் வீட்டுக்காரர் இறந்து, மகனும் வேலைக்காகச் சிங்கப்பூர் போன பிறகு வந்த முதல் தீபாவளி. யார் தின்பார்கள் என்று நினைக்காமல், கைப்பழக்கத்தில் எப்போதும்போலச் சுட்டுவிட்டேன். இஞ்சியும் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தூளும் போட்டது. மிஞ்சியதை மளிகை வாங்க வந்தபோது உங்களுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, அடுத்ததையும் எடுத்துக்கொண்டீர்கள்.

"தங்கச்சி, இத விக்கலாம் லா."

"யாரு பாய் வாங்குவா? கம்பெனி பிஸ்கட்டு இதுல பாதி வெலைக்குக் கெடைக்குது."

"அது கீழ தாப்பாவுலயும் கெடைக்கும். மலைக்கு வர்றவன் மலையில செஞ்சததான் தேடுவான்."

நீங்கள் சொன்னது பாதி சரி. பள்ளி விடுமுறையில் அலமாரி காலியானது. மண் சரிந்து பாதை அடைபட்டால் ஈ காக்கை வராது. பனி இறங்கும் மாதங்களில் பிரித்து வைத்த பாக்கெட் மாலைக்குள் நமுத்துப்போகும். வெண்ணெய் விலை ஏறும், இறங்கவே இறங்காது. ஈப்போவில் உங்கள் மச்சான் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பிப் பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே கொழுகொழுவென்று கட்டி அனுப்பிய பாக்கெட் கீழே போனதும் பிஸ்கட்டோடு ஒட்டிச் சுருங்கிவிட்டது. பழைய சரக்கை என் தலையில் கட்டுகிறீர்களா என்று அவர் தொலைபேசியில் கத்த, நீங்கள் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்து எனக்கும் கேட்கச் செய்தீர்கள். "மலைக்காத்து கீழ போனா சுருங்குது மச்சான், அதுக்கு நான் என்னா செய்ய?" அன்று நாம் இருவரும் சிரித்தது போல நான் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மலாய்க்கார வாடிக்கையாளர்கள் பாக்கெட்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி வைத்துவிட்டுப் போவார்கள். உங்களால் அதைத் தாங்க முடியவில்லை.

"பன்னிக் கொழுப்பு இல்ல, சாராயம் இல்ல. மாவுலேருந்து சீனி வரைக்கும் என் கடைச் சாமான். ஹலால்னு போட்டுட வேண்டியதுதானே? உண்மதானே?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அச்சுக்கடையில் சொல்லி, அடுத்த கட்டு லேபிளில் அந்தச் சொல்லைச் சேர்த்தோம். விற்பனை கூடியது.

பிறகு யாரோ புகார் கொடுத்தார்கள். இரண்டு அதிகாரிகள் வந்தபோது நானும் கூடையோடு கடையில்தான் நின்றிருந்தேன். அவர்கள் அதட்டவில்லை. சான்றிதழ் வாங்காதவர்கள் அந்தச் சொல்லைப் பாக்கெட்டில் போடக் கூடாது. உள்ளே இருப்பது சுத்தம் என்று நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று பொறுமையாகவே சொன்னார்கள். அபராதம் என்றார்கள். நீதிமன்றம் வரைக்கும் போகலாம் என்றார்கள். இதைச் செய்தது யார் என்று கேட்டார்கள். தோட்ட வீட்டையும் பறித்துவிடுவார்களோ என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் கல்லாவை விட்டு எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றீர்கள். நான் சொல்லித்தான் போட்டார்கள், என் கடை, என் தவறு என்று மலாயில் சொன்னீர்கள். பின்னால் நின்ற எனக்கு உங்கள் சட்டை முதுகு நனைந்துகொண்டே வருவது தெரிந்தது.

பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு, வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. பாய் கடையில் பொய்ச் சரக்கு என்ற பேச்சு பரவியது. பள்ளிவாசலில் உங்கள் தோளோடு தோள் நின்று தொழுதவர்களே மளிகைக்கு வேறு கடை தேடிப் போனார்கள். மத்தியான வேளையில் ஆளில்லாத கடையில் நீங்கள் வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கவே எனக்கு என்னவோ போலிருக்கும்.

"வேணாம் பாய், நிறுத்திக்குவோம். என்னால ஒங்க பொழப்பும் போவுது."

"இப்ப நிறுத்துனா பொய்யின்னே ஆயிரும் தங்கச்சி. முறையா வாங்கிப்புடுவோம்."

முறையாக வாங்குவது எவ்வளவு பெரிய ஏற்றம் என்று நம் இருவருக்குமே தெரியாது. தோட்டத்தில் என் லயத்து வீட்டு அடுப்பங்கரை ஆகாது, தனி இடம் வேண்டும் என்றார்கள். கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தீர்கள். உணவு தொடுகிறவர்கள் டைபாய்டு ஊசி போட வேண்டும் என்றார்கள். பாக்கெட் கட்ட நானும் வருவேன் என்று நீங்களும் வந்தீர்கள். ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினீர்கள், தாதி சிரித்துவிட்டாள். தானா ராத்தாவில் நடந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கை கழுவுவது எப்படி என்று இருவரும் பாடம் கேட்டோம். சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சான்று வேண்டும் என்றதும், பதில் போடாத சோடா மாவுக் கம்பெனியை நீங்கள் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தீர்கள். கோதுமை, பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக அவற்றைத் தனியே எழுத வேண்டும் என்று தெரிந்தபோது, "பெருசா போடும்மா. என் கண்ணுக்கே தெரியல, நோயாளிக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள். அந்த வரி இன்றும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது.

அதிகாரிகள் அடுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கூடையோடு வந்தேன். கடை சாத்தியிருந்தது. பக்கத்து ரொட்டிக் கடைக்காரர்தான் சொன்னார்: விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம், மாரடைப்பாம், ஈப்போவிலிருந்து மகன் வந்து கொண்டுபோய்விட்டாராம், ஜும்மா தொழுகைக்கு முன்னால் அடக்கமாம்.

நான் கூடையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். போகலாமா என்று யாரைக் கேட்பது? போனால் யார் என்று சொல்வது? லயத்துக்குத் திரும்பி வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். "யாரு, மளிகைக் கடை பாயா? ஐயோ பாவம்" என்றாள். பிறகு, "அப்ப இனி பருப்பு எங்க வாங்கறது?" என்று கேட்டாள். அவள் மேல் தவறில்லை. துக்கம் விசாரிக்க என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை, வரவும் முடியாது. நீங்கள் எனக்கு உறவா, ஒரே சாதியா, ஒரே சாமியா? என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டீர்கள். கடைக்கு வந்த எல்லாரையுமே அப்படித்தான் கூப்பிட்டீர்கள். ஒரு மேசையில் உட்கார்ந்து ஒருவேளைகூட நாம் சேர்ந்து சாப்பிட்டதில்லை.

உங்கள் மகன் நல்லவர். கடையை விடும்வரை அந்த அறையை எனக்கே விட்டுவைத்தார். அதிகாரிகள் வந்து பார்த்து, தலையசைத்துப் போனார்கள். சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான், காட்டுவதற்கு ஆளில்லை என்பது உறைத்தது. என் மகனுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

இப்போது கடைத்தெருவில் வேறொரு சின்ன இடம் எடுத்திருக்கிறேன். கியா பார்ம் கடைகளிலும் கோலா தெர்லாவிலும் நம் பிஸ்கட் போகிறது. மலாய்க்காரப் பெண்கள் எடுத்து, திருப்பிப் பார்த்து, கூடைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். "பாத்தீங்களா பாய்" என்று வாய்வரை வந்துவிடுகிறது.

இந்த நோன்பு மாதத்தில் ஒருநாள் இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டு ரிங்லெட் பள்ளிவாசலுக்குப் போனேன். உள்ளே போகாமல் படியருகே நின்றேன். கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் வந்து வாங்கினார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார். யார் பேரில் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்கு உங்களைத் தெரிந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்து, குடும்பமா என்றார். இல்லை என்றேன். சற்று யோசித்தார்.

"காவான்?"

நண்பரா என்று மலாயில் கேட்கிறார். தமிழில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

"யா," என்றேன். "காவான்."

நோன்பு திறக்கும்போது அவருக்காகத் துஆ கேட்கிறேன் என்று சொல்லிப் பெட்டிகளை உள்ளே கொண்டுபோனார். இத்தனை வருடத்தில் உங்களை இன்னார் என்று வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பேருந்தில் ஏறி, லயத்து மேட்டில் இறங்கி, கதவைத் திறந்து விளக்கைப் போடும்வரை அந்த ஒரு சொல்லை எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.