மென்பந்து என்று நான் வைத்த பெயர்

மார்ச் 4
கலைச்சொல் பிரிவில் இன்று விளையாட்டுச் சொற்கள். 'சாஃப்ட்பால்' அட்டை என் மேசைக்கு வந்தது. ஜப்பானியர் அதை 'சோஃப்ட்டோபோரு' என்று வாய்க்கு வந்தபடி எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானியரும் கூச்சப்படவில்லை, 'சோஃப்ட்போல்'. சீனர் மட்டும் சொந்தமாக ஒன்று செய்துகொண்டார்கள். பிரிவுத் தலைவருக்குச் சீனர் வழிதான் பிடித்தது. "இரவல் நகை எத்தனை நாளைக்கும்மா?" என்றார். நான் 'மென்பந்து' என்றேன். கைதட்டாத குறைதான்.

மார்ச் 5
தங்கையிடம் சொன்னேன். ஆறு வருடமாக அதை ஆடுகிறவள். வீங்கிய விரலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். "மென்மையா? ஒரு தடவ உன் கையில வாங்கிப் பாருக்கா, அப்புறம் பேரு வை." இருவரும் சிரித்தோம்.

மார்ச் 11
புதுச்சொல் வந்தால் பழையதைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்; நீக்குகிறவர் அதன் அட்டையில் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'மக்கள் வழக்கில் இல்லை' என்று எழுதினேன். பச்சைப் பொய். மைதானத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சாஃப்ட்பால் என்றுதான் சொல்லும். ஆனால் புதுச்சொல் தந்தவர் பெயர் முன்னுரையில் வருமாம். பல்லை இளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 2
புதுப் பட்டியல் எல்லா அரசு அலுவலகங்களுக்கும் போய்விட்டது.

ஜூலை 18
விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட்டிருந்த தங்கையின் சான்றிதழ்களைக் கவுண்டரில் இருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சாஃப்ட்பால்னு ஒரு விளையாட்டே எங்க பட்டியல்ல இல்லையேம்மா. மென்பந்துதான் இருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு கலைச்சொல் பிரிவுல எழுதி வாங்கிட்டு வாங்க. இருபத்தஞ்சு கடைசி."

எழுதி வாங்கணுமாம். எங்க பிரிவுல! இதுக்குச் செருப்பால அடிச்சிருக்கலாம் என்னை.

ஜூலை 19
தலைவர் அந்த அட்டையை எடுத்து என் முன் வைத்தார். "வழக்குலயே இல்லாத சொல்லுக்கு எப்படிம்மா சான்று தர்றது? உங்க கையெழுத்துதானே?"
"தப்பா எழுதிட்டேன் சார்."
"அதையும் எழுத்துல குடுங்க. சொற்குழு அடுத்த மாசம்தான் கூடும், அதுதான் முடிவு பண்ணணும்."
கொடுத்தேன். முன்னுரையில் என் பெயரை அடித்துவிடுவாராம். அடிக்கட்டும். ஆனால் அடுத்த மாதம் கூடி யாருக்குப் பிரயோஜனம்?

ஜூலை 25
கடைசி நாள். சான்று இல்லாமலே கழிந்தது.

ஜூலை 26
நீக்கியது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "நான் ஆடுறது உனக்குத் தெரியும்ல?" அவ்வளவுதான் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெரியும். நல்லாவே தெரியும்.

ஆகஸ்ட் 30
குழு கூடியது. இரண்டு பெயரும் ஒன்றே, இரண்டும் செல்லும். டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

செப்டம்பர் 9
தங்கைக்குத் துணிக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். 'விளையாட்டு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.
"எழுதுடி, இப்ப எந்தப் பேரு எழுதினாலும் செல்லும்" என்றேன்.
"வேண்டாம்க்கா." தாளை மடித்து உறையில் போட்டுவிட்டு, கிடங்குப் பக்கம் போகும் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.