கூறைப் புடவைக்குள் இருந்த கை

வசம்பைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். விளக்குச் சுடரில் அது கருகக் கருக, அந்த நெடி வீடெல்லாம் ஏறுகிறது. நாளைக்குச் சின்னவளுக்கு ஒரு வயது நிறைகிறது. போட்டோக்காரர் வருகிறார். கன்னத்தில் வைக்கக் கறுப்பு மை வேண்டுமே. தட்டில் உரசிக் குழைக்கும்போது, "பெருசா வையி அண்ணி, ஊரு கண்ணு இன்னா சின்னதா?" என்று பின்னாலிருந்து நீ சொல்வது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவோரம் உன் வெள்ளைப் புடவை இல்லை. பைத்தியக்காரி, ஐப்பசி மழையோடு போனவளைத் தேடுகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டியும் இன்னொரு முறை திரும்பிப் பார்த்தேன்.

பெரியவனுக்கு ஒரு வயதானபோது நடந்த கூத்து உனக்கு நினைவிருக்கும். நீ எதைத்தான் மறந்தாய்? உன் அண்ணன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதுதான் சிப்பாயாக, அல்ஜீரியாவில் இருந்தார். நான் முழுகாமல் இருக்கும்போது கப்பல் ஏறியவர், பிள்ளை முகத்தைப் பார்த்ததே இல்லை. அங்கே சண்டை. திரும்பி வருவாரா என்று வாய்விட்டுக் கேட்க எங்கள் யாருக்கும் தைரியமில்லை. பிள்ளையின் படமாவது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். மொட்டை போடுவதற்குள் முடியோடு எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அவர் அனுப்பியிருந்த சட்டையை நீதான் பெட்டியிலிருந்து எடுத்தாய். நீலக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று பாவம் அவருக்கு என்ன தெரியும்? போட்டுப் பார்த்தால் கணுக்கால் வரை தொங்கியது. "எங்க அண்ணன் புள்ளைக்கு வாங்குனாரா, மாப்பிள்ளைக்கு வாங்குனாரா?" என்று சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிவிட்டது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு எல்லையில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்கள் இல்லை. கடலூர்ப் போட்டோக்காரர் காமிராவையும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு நேரே நம்மூர் பாகூருக்கே வந்துவிட்டார். ஏரிப் பக்கமிருந்து பனி இன்னும் விலகவில்லை. வெளிச்சம் வரட்டும் என்று எல்லோரும் முற்றத்தில் காத்திருந்தோம். வைக்கோல் போர், மாடு, நாற்காலி எல்லாம் பாலுக்குள் கிடப்பது போலிருந்தன. அந்தக் காலை உண்மையில் நடந்ததா, நான் கண்ட கனவா என்று இப்போது சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது.

அப்போதுதான் அத்தை, உன்னைப் பெற்றவள், அதைச் சொன்னார். "மொத மொத எடுக்கிற படம். தாலியறுத்தவ நெழலுகூட அதுல படக்கூடாது. எம்புள்ள சண்டையில கீறான்."

நீ முகம் மாறவில்லை. "நான் எதுக்கும்மா வரேன், எனக்கு மாட்டுக் கொட்டாயில வேல கீது" என்று சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். கல்யாணமான வருஷமே திரும்பி வந்தவள் நீ. இதெல்லாம் உனக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். பழகுமா அது?

ஆனால் உன் மருமகன் விடுவானா? உன் இடுப்பிலேயே வளர்ந்தவன். நாற்காலியில் வைத்தால் வில்லாக வளைந்தான். என் மடியிலும் நிற்கவில்லை, அத்தை மடியிலும் நிற்கவில்லை. ஊரே கேட்கிற மாதிரி அழுகை. போட்டோக்காரர்தான் கடைசியில் சொன்னார்: "எங்க கடையில தூக்கி வச்சிருக்கிறவங்களத் துணி போட்டு மூடிடுவோம்மா. படத்துல நாற்காலி மாதிரிதான் இருக்கும்."

அத்தை வெகுநேரம் யோசித்து, "ஆளு தெரியாதுன்னா சரி" என்றார்.

நல்ல துணி என்று வீட்டில் வேறு என்ன இருந்தது? என் கூறைப் புடவையை எடுத்துவந்தேன். அத்தை வாயைத் திறப்பதற்குள், கொட்டாயிலிருந்து கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்த உன்னைத் தலையோடு காலாகப் போர்த்திவிட்டு, பிள்ளையை உன் மடியில் வைத்தேன். உன் வாசனை தெரிந்ததோ என்னவோ, சட்டென்று அழுகை நின்றது. அந்த நேரம் பார்த்து வெயிலும் வந்தது. உள்ளேயிருந்து மெதுவாக உன் குரல் கேட்டது.

"அண்ணி, உள்ள எல்லாம் செவப்பா கீது. வெயிலுகூட செவப்பா கீது."



போட்டோக்காரர் காமிராவின் மூடியைக் கழற்றினார். அதே நொடியில் ஒரு காக்காயைப் பார்த்துப் பிள்ளை முன்னால் பாய்ந்தான். புடவை மடிப்பிலிருந்து உன் கை வெளியே வந்து, தொளதொளச் சட்டையோடு சேர்த்து அவன் இடுப்பைப் பிடித்தது. மூடி திரும்பப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று எடுக்கப் பிள்ளை இடம் கொடுக்கவில்லை.

படம் வந்தபோது அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை அழகாகச் சிரிக்கிறான். இடுப்பில் வளையல் இல்லாத உன் கை, கோணல் சுண்டுவிரலோடு பளிச்சென்று தெரிகிறது. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தவளே நீதான். "வெட்டிடு அண்ணி. அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சின்னா என்னால தாங்க முடியாது." எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கையை வெட்டினால் பிள்ளை விழுந்துவிடுவான் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு கடிதம் தாமதமான ஒவ்வொரு வாரமும் நீ சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

அவர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம், கையில் பெட்டியோடு முற்றத்தில் வந்து நின்றார். பெரியவனுக்கு அந்தச் சட்டை அளவாகியிருந்த சமயம். புது ஆளைப் பார்த்துப் பயந்து ஓடியவனை நீ இடுப்பில் கைகொடுத்து இழுத்துப் பிடித்தாய். அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, உன் கையைத்தான் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஓரம் மடங்கிப்போன படத்தை எடுத்தார்.

"புள்ள மொகம் எனக்குப் புதுசும்மா. இந்தக் கைதான் எனக்குத் தெரிஞ்ச கை. சின்ன வயசுல கதவுல வச்சி நான் நசுக்குன வெரலு. இதப் பாத்துப் பாத்துதான் வூட்டு நெனப்புல கெடந்தேன்."

நீ அண்ணனைப் பார்க்காமல் பிள்ளையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அத்தை உள்ளே போய்விட்டார்.

சின்னவளும் உன் இடுப்பில்தான் இருந்தாள், காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை. இப்போதும் யார் தூக்கினாலும் தோளுக்கு மேல் எட்டி எட்டி யாரையோ பார்க்கிறாள்.

சற்று முன் அத்தை வந்தார். நான் கேட்காமலே பெட்டியைத் திறந்து என் கூறைப் புடவையை எடுத்தார். விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். "நாளைக்கி இத்த யாரு மேலடி போத்துறது?" என்று கேட்டுவிட்டு, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனை நாள் அடக்கி வைத்த அழுகையோ. நான் தடுக்கவில்லை.

நாளைக்கு யாரையும் மூடப் போவதில்லை. வெறும் நாற்காலியில் அந்தப் புடவையை விரித்து, அதன் மேல் சின்னவளை உட்கார வைப்பேன். உன்னைத் தேடி அழுவாள். அழட்டும். சமாதானப்படுத்தாமல் அப்படியே எடுங்கள் என்று போட்டோக்காரரிடம் சொல்லிவிடுவேன். உன் கை இல்லாத படத்தில் என் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தால் என்னால் தாங்க முடியாதடி.