திரைக் கயிறு

12 டிசம்பர் 1944, செவ்வாய்

ஜப்பான்காரர்கள் ஆளும் எங்கள் ஊர் காஜா பேராங்கில் இருட்டடிப்பு உத்தரவு வந்த நாளிலேயே என் தம்பி, ஜன்னலின் மூங்கில் திரைக் கயிற்றைத் தாழ விட்டு, நுனியைப் பெரிய வளையமாக முடிந்து வைத்தான். இருட்டிலும் கைக்கு அகப்படும் என்பது அவன் யோசனை. அதன் கீழேதான் அவன் குழந்தை கமலாவின் கட்டில். போன வாரமே கவனித்தேன். அவன் வீடு என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்று மதியம் தூங்கி எழுந்தவள் கட்டிலில் நின்று வளையத்துக்குள் தலையை விட்டிருக்கிறாள். கால் வழுக்கிவிட்டது. சத்தமே வரவில்லை. தைக்கத் துணி எடுக்கப் போன நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையிலிருந்த கத்தரியால் கயிற்றை வெட்டினேன். இருமினாள், பிறகு அழுதாள்.

மாலையில் வந்த தம்பியின் கண்ணில் முதலில் பட்டது வெட்டிய கயிறு.

"இப்ப கயிறு எங்க கெடைக்குது, அக்கா? வெளிச்சம் தெரிஞ்சா ஜப்பான்காரன் என்னையில்ல இழுத்துட்டுப் போவான்! பி.ஏ. படிச்சவங்களுக்கு ஒரு முடிச்சு அவுக்கத் தெரியாதா?"

"தொங்கினது உன் பிள்ளைடா."

"யார் கண்ணு பட்டுச்சோ, அண்ணி," என்று அவன் மனைவி குழந்தைக்குத் திருநீறு பூசினாள்.

கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் நானே இழுத்துப் போட்டேன். மிச்சக் கயிற்றை உயரத்தில் ஓர் ஆணி அடித்துச் சுற்றினேன். யாரும் உதவவில்லை.

படுக்குமுன் போய்ப் பார்த்தேன். கமலா தூங்குகிறாள். கழுத்தில் அந்தச் சிவந்த தடத்தின் மேலேயே, கண்ணேறு கழிய, அவள் அம்மா கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறாள்.

கத்தரி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.