சராசரியில் சேராத சிவப்பு

அக்கா,

நேற்று சுங்கைப் பட்டாணியில் ஒரு புடவைக் கடைக்குப் போயிருந்தேன். கூரையில் நாம் செய்ததைப் போன்ற ஒளிப்பலகைகள். அரக்குப் புடவை ஒன்றை எடுத்த பெண், வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் விளக்கடியிலேயே நிறம் பிடித்திருக்கிறது என்றார். எனக்கு உங்களை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

கூலிம் ஆய்வுக்கூடத்தில் நான் விளக்கை வடிவமைப்பவன்; நான் போட்டுத் தரும் கணக்கின்படி கண்ணாடித் தகட்டில் கரிமப் பொருள்களை அடுக்கடுக்காகப் படியவைத்தவர் நீங்கள். நீல ஒளி தரும் அடுக்கும் மஞ்சள் ஒளி தரும் அடுக்கும் சேர்ந்து முதன்முதலாக வெள்ளையாக எரிந்த அன்று நான் துள்ளிக் குதிக்காத குறை. நிறங்கள் இயல்பாகத் தெரிகின்றனவா என்று அளக்கும் நிறத்தரச் சோதனையிலும் பல நிறங்களின் சராசரி நன்றாகவே வந்தது. நீங்கள் மட்டும் கைப்பேசித் திரையில் உங்கள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“தம்பி, என் குங்குமம் காஞ்ச ரத்தம் மாதிரி தெரியுது. சிவப்பு வரல லா.”

கருவி பொய் சொல்லாது என்று சிரித்தேன். நீங்கள் போன பிறகு அடர்சிவப்பைத் தனியே அளந்தேன். அந்தச் சராசரியில் அது சேர்வதே இல்லை. மதிப்பு பூஜ்ஜியத்துக்கும் கீழே இருந்தது.

சிவப்பு ஒளி தரும் அடுக்கு ஒன்றைச் சேர்த்தோம். கொஞ்சம் தடித்தால் வெள்ளையே சிவந்துவிடும், மெலிந்தால் பயனில்லை. வாரக்கணக்கில் சலிக்காமல் தகடு மாற்றித் தகடு போட்டீர்கள். சரியாக வந்ததும் கூட்டம் கூட்டினார்கள். குறை எப்படித் தெரிந்தது என்று இயக்குநர் கேட்டார். நீங்கள் விளக்குக்குப் பக்கத்தில்தான் நின்றீர்கள். தரவுகளைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது என்றேன்.

அன்று கேண்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தீர்கள். நான் வாயெடுப்பதற்குள், வெளிச்சம் இப்போது நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்கினீர்கள். அதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. காப்புரிமைப் படிவத்திலும் உங்கள் பெயரை எழுதவில்லை. நீங்கள் நோயில் படுத்தபோது, அடுத்த வாரம் போய்ப் பேசலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் எழுந்து நாற்காலி கொடுத்தாள்.

“அம்மா உங்களப் பத்திதான் பேசுவாங்க சார். அந்த சிவப்புக் கோளாற நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம்.”

சுற்றிலும் உங்கள் உறவினர்கள். தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

படிவத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கக் கேட்டு இன்று காலை எழுதிவிட்டேன் அக்கா. மகளுக்கு உண்மையை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அவள் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்தாளே, அந்தப் பார்வைதான் எங்கே போனாலும் கூடவே வருகிறது.